செவிக்கும் எட்டும் கவிதை



தமிழ்க் கவிதை ஏட்டில் வாழ்ந்ததைவிடச் செவியில் வாழ்ந்த காலமே நெடிது. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பார்வையற்றவரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணம் பாடினார். இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்பது மரபு. இம்மரபில் வந்த கவிஞர், தம் கவிதைகளை இணையப் பக்கத்தில் ஏற்றும்போது பார்வையற்ற வாசகரை வாயிலிலேயே நிறுத்திவிடுவது முறையாகுமா?

பார்வையற்றோர் கணினியைச் செவியால் படிக்கின்றனர். திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கித் தருவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது.

ஆயினும், பூங்கொடிச் சட்டமிட்டுப் படமாக ஒட்டப்பட்ட கவிதையின் முன் அது ‘படம்’ என்று மட்டும் சொல்லி அப்பால் நகர்ந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் கருவிகள் இன்று உண்டெனினும், அலங்கார எழுத்தின்முன் அவை தடுமாறுகின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றிய கவிதைகளின் நிலையும் இதுவே. அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும்.

எல்லோருக்கும் எட்டும் பக்கங்களை அமைப்பதற்கான தன் முதல் நெறிமுறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்டது. கவிஞர் செய்ய வேண்டுவன சிலவே. கவிதையை யூனிகோடு எழுத்தில் இடுதல்; படத்துக்கு அதை விளக்கும் மாற்றுரை ஒன்று சேர்த்தல்; தலைப்பைத் தலைப்பென்றே குறித்தல். தலைப்புக் குறியிருந்தால் கேட்பவர் ஒரு கவிதையிலிருந்து அடுத்த கவிதைக்குத் தாவிச் செல்லலாம். பக்கம் திறந்தவுடன் தானே ஒலிக்கும் இசை, திரைவாசிப்பானின் குரலை அமுக்கிவிடும். அதைத் தவிர்த்தல் நலம். பார்வை மங்கியோர்க்கு எழுத்தும் பின்புலமும் நன்கு வேறுபட்டிருக்க வேண்டும். செவித்திறன் அற்றோர்க்குக் கவியரங்க ஒலிப்பதிவின் அருகே கவிதையின் வரிவடிவம் வேண்டும். கை நடுங்குவோர்க்குச் சுட்டியின்றி, விசைப்பலகையாலேயே எல்லாம் இயங்க வேண்டும்.

வடிவழகும் கவிதையின் ஓர் உறுப்பன்றோ என்பர் சிலர். உண்மையே. படத்தை அகற்றுமாறு எவரும் கேட்கவில்லை. அதனருகே கவிதையை எழுத்தாகவும் இட்டால் போதும். வரிப்பிளவும் பத்திப்பிளவும் அதில் அப்படியே நிற்கும்.

இன்றிரவே கவிஞர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தைத் திறந்து, கண்களை மூடி, தம் கவிதையைத் திரைவாசிப்பானின் குரலில் ஒருமுறை கேட்பாராக. வாசகர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது அப்போது விளங்கும். ஓசை எங்கே தளர்கிறது என்பதும் விளங்கக்கூடும்.