மயிற்பொறியும் பெருந்தச்சரும்



'விமான எந்திரத்தின் வரலாறு' என்னும் தலைப்பை எனக்கு இட்டபோது, தமிழ் படித்தவளுக்கும் இரும்புக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் கேட்டனர். சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லுகிறவளுக்கு அந்த உறவு புதிதன்று. சச்சந்தன் பெருந்தச்சன் ஒருவனை அழைத்து எந்திர ஊர்தி சமைக்கப் பணிக்கிறான். துணி, நூல், அரக்கு, மெழுகு முதலியன கொண்டு ஏழே நாளில் மயிற்பொறி உருவாகிறது. பொறியை வலமாகத் திருகினால் எழும். இடமாகத் திருகினால் இறங்கும். கருவுற்ற விசயை அதிலேறியே தப்புகிறாள்.

இதனைச் சான்று காட்டி, விமானம் நம்முடையதே என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருத்தக்கதேவரின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அவர் எண்ணிச் சொன்ன பொருள்களைப் பாருங்கள், எல்லாம் கனமற்றவை. பறத்தலுக்குப் பகை எடை என்பதை அக்கவியுள்ளம் உணர்ந்திருக்கிறது. மயிலை மேலெழுப்பிய ஆற்றல் எது என்பதை மட்டும் காப்பியம் சொல்லவில்லை. காப்பியத்துக்கு அது தேவையுமில்லை. எந்திரத்தின் வரலாறோ அந்தச் சொல்லாத இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் நீராவியை நம்பினார்கள். 1890இல் பிரான்சு நாட்டின் கிளெமான் ஆதேர் நீராவிப் பொறியோடு தரையை விட்டுச் சற்றே எழும்பினார். 1894இல் இங்கிலாந்தில் ஹைரம் மாக்சிம் செய்த ஊர்தி மூன்று டன்னுக்கும் மேற்பட்டது. கொதிகலனும் நீரும் சுமையாகிவிட, வழி அங்கேயே அடைபட்டது. பெட்ரோலை உருளைக்குள்ளேயே எரிக்கும் பொறி வந்த பிறகுதான் நம்பிக்கை பிறந்தது.

ரைட் உடன்பிறந்தார் பெயர் அறியாதார் இல்லை. சார்லி டெய்லர் பெயரை இந்த அவையில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? டேடன் நகரில் அவர்களுடைய மிதிவண்டிக் கடையில் வேலை பார்த்த மெக்கானிக் அவர். இறக்கையும் திசை திருப்பும் முறையும் கைவந்த பின், எடை குறைந்த எந்திரம் வேண்டி ரைட் உடன்பிறந்தார் பல நிறுவனங்களுக்கு எழுதினர். ஏற்ற எந்திரம் எங்கும் கிடைக்கவில்லை. டெய்லர் துண்டுத் தாள்களில் படம் வரைந்து, கடைசல் பொறியும் துளையிடும் பொறியும் துணையாக, ஆறே வாரத்தில் அதனைச் செய்து முடித்தார். முழு எஃகுக் கட்டியைத் துளைத்துச் செதுக்கி வணரித் தண்டை எடுத்தார். எடையைக் குறைக்க, எந்திரத்தின் உடலை அலுமினியத்தில் வார்க்கச் செய்தனர். நான்கு உருளைகள், 12 குதிரைத்திறன், ஏறத்தாழ 80 கிலோ எடை. கணக்கிட்டால் ஒரு குதிரைத்திறனுக்கு ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி நிகழ்ந்த அந்த முதற்பறப்பைத் தாங்கியது இதுவே.

ஆற்றல் ஒன்றே போதும் என்றும் எண்ணிவிடலாகாது. அதற்கு ஒன்பது நாள் முன்னர்ப் போட்டோமாக் ஆற்றில் இரண்டாம் முறையாக விழுந்த லாங்லியின் ஊர்தியில் இருந்தது 52 குதிரைத்திறன் எந்திரம். சார்லஸ் மேன்லி உருவாக்கிய அது டெய்லருடையதைவிட மிகச் சிறந்தது; சுமந்த ஊர்திதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

டெய்லர் முதுமையில் வறுமையுற்றார். 1955இல் மருத்துவமனை ஒன்றின் இலவசப் பிரிவில் கிடந்த அவரைக் கண்டறிந்து விமானத் துறையினர் உதவ முன்வந்தனர். மறு ஆண்டு சனவரியில் அவர் மறைந்தார்.

அடுத்து வந்த இடர் வெப்பம். நீரால் குளிர்வித்தால் எடை கூடும். பிரான்சின் செகான் உடன்பிறந்தார் 1908ஆம் ஆண்டளவில் விந்தையான விடை கண்டனர். அவர்களுடைய 'நோம்' எந்திரத்தில் வணரித் தண்டு அசையாது நிற்கும். ஏழு உருளைகளும் விசிறியோடு சேர்ந்து சுழலும். காற்றே அவற்றைக் குளிர்வித்தது. அதற்கு இட்ட எண்ணெய் எது தெரியுமா? நம் கொல்லைப்புறத்து ஆமணக்கெண்ணெய்! பெட்ரோலோடு எளிதில் கலவாத தன்மையால் அது தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் விமானிகள் அந்தப் புகையை முகத்தில் ஏற்றபடியே பறந்தனர். அமெரிக்கா இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை தருவித்துப் பயிரிட்டது. உலக வரலாறு இப்படி நம் வேலியோரச் செடியையும் தொட்டுச் சென்றிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குள் எடைக் கணக்கு தலைகீழாயிற்று. ரோல்ஸ்ராய்சின் 'மெர்லின்' எந்திரம் ஆயிரம் குதிரைத்திறனைக் கடந்தது. ஒரு குதிரைத்திறனுக்கு முக்கால் கிலோவும் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. போரில் விமானி மூக்கைச் சட்டெனக் கீழே தாழ்த்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் பெருக்கெடுத்து எந்திரம் திணறும். எரிபொருளை நேரே பீய்ச்சும் முறை கொண்ட செருமானிய விமானத்துக்கு அந்தத் தடை இல்லை. விடை தந்தவர் ஒரு பெண். பார்ன்பரோ ஆய்வகப் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், 1941இல், துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றை எரிபொருள் வழியில் பொருத்தினார். தேவைக்கு மேல் எரிபொருள் புகாதபடி அது தடுத்தது. மோட்டார் சைக்கிளில் விமானத் தளங்களுக்குச் சென்று குழுவினரோடு தாமே அதனைப் பொருத்தி வந்தார். அத்துண்டுக்கு விமானிகள் அவர் பெயரையே வைத்தனர். அப்பெயரில் ஆண்களின் கேலியும் கலந்திருந்தது. கேலியோடேனும் பெயர் நின்றது. சிந்தாமணித் தச்சனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இனித் தாரை எந்திரம். உருளைக்குள் உந்துதண்டு போய், நின்று, திரும்பும். சுழலியோ நில்லாமல் சுற்றும். காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, பின்புறம் பாய்ச்சும் முறைக்கு 1930இல் காப்புரிமை கோரினார் இங்கிலாந்து வான்படையின் இளம் அலுவலர் பிராங்க் விட்டில். அரசு பொருட்படுத்தவில்லை. 1935இல் ஐந்து பவுன் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தப்படாமல் அவ்வுரிமை காலாவதியாயிற்று. ஐந்து பவுன்! 1937 ஏப்ரல் 12 அன்று அவருடைய எந்திரம் முதன்முதல் இயங்கியபோது, எரிபொருளை நிறுத்திய பின்னும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று; உள்ளே தேங்கியிருந்த எரிபொருளே காரணம். உடனிருந்தோர் ஓடிவிட்டனர். விட்டில் அச்சத்தால் அசையாது நின்றார். இதற்கிடையே செருமனியில் ஹான்ஸ் பான் ஓகைன் என்ற இயற்பியல் பட்டதாரியின் எந்திரம் 1939 ஆகஸ்டு 27 அன்று விமானத்தைத் தூக்கிப் பறந்தே விட்டது. விட்டிலின் எந்திரம் பறக்க 1941 மே 15 வரை காத்திருக்க நேர்ந்தது.

மாலைக் கவியரங்கின் தலைப்பு 'சிறகு' என்று அழைப்பிதழில் கண்டேன். பாடவிருக்கும் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம்: யாரேனும் ஒருவர் எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பட்டறைக்குள்ளும் சென்று வாருங்கள்.