கணனியின் மனப்பாடம்

வெள்ளவத்தையில் பஞ்சாங்கம் கேட்டால் வாக்கியமா, திருக்கணிதமா என்று திருப்பிக் கேட்பார்கள். எது சரி என்ற வழக்கை இன்று இழுக்கப் போவதில்லை, நேரம் போதாது. ஆனால் கைத்தொலைபேசியில் சைன் பெறுமானத்தைத் தட்டியதும் விடை சொல்லும் மென்பொருள், உள்ளுக்குள் வாக்கியக் கட்சிதான், அதாவது மனனம் செய்த வாய்பாட்டை நம்பும் கட்சிதான் என்பது என் வாதம்.

1825இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’ என்ற நூலில் ஜோன் வாரன் ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதரைக் காட்டுகிறார். தரையில் சோகி பரப்பி, வாக்கியங்கள் எனப்படும், சொற்களாக மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு அந்த ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார் அவர். வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாதாம். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான்; முடிவில் 52 நிமிடம், அதையும் மறைக்கக்கூடாது. கடினமான வேலையை முன்னோர் முடித்துக் கொடுத்திருந்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள்!

கணனிக்கும் முக்கோணம் தெரியாது. 1000 பாகையின் சைன் என்ன? இரண்டு முழுச் சுற்றைக் கழித்தால் 280. அதன் சைன், 10 பாகையின் கோசைனுக்கு மறைக்குறி இட்டது: −0.9848. இப்படி எந்தக் கோணத்தையும் 45 பாகைக்குள் ஒடுக்கிவிட்டு, நினைவில் உள்ள சில எண்களால் பெருக்கிக் கூட்டுவதோடு வேலை முடிகிறது.

கேரளத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டிலேயே சைனுக்குக் கண்ட தொடர் இருக்கிறதே, அதைக் கூட்டினால் ஆகாதா என்று கணித ஆசிரியர்கள் கேட்கலாம். ஆகும், ஆனால் இடையில் நிறுத்திய தொடர் பூச்சியத்துக்கு அருகே மிகத் துல்லியம், விலக விலகப் பிழை ஏறும். பிழையை எல்லை முழுவதும் சமமாகப் பரப்பும் பல்லுறுப்பியைத் தேடும் வழியை 1934இல் கணிதவியலாளர் ரெமெஸ் தந்தார். சன் கணனி நிறுவனம் 1993இல் வெளியிட்ட கணித மென்பொருள் நூலகத்தின் சைன் குணகங்களைப் பாருங்கள், எனக்கு அலுக்காத காட்சி அது. கோணம் ஆரையனில். முதல் குணகம் மாதவரின் தொடரில் வரும் ஆறிலொன்றோடு பதினைந்து தசமதானம் வரை ஒத்துப்போகிறது. பதினாறாவதில் 6 இருக்கவேண்டிய இடத்தில் 3. கடைசிக் குணகமோ தொடரிலிருந்து ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு குறைவு. அது அச்சுப்பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த திருத்தம்.

அப்படியானால் எல்லா விடைகளையும் சேமித்துவிடலாமே என்பீர்கள். 64 பிட்டில் அடங்கும் எண்கள் அத்தனைக்கும் விடை வைக்க எந்தக் கைத்தொலைபேசியின் நினைவகமும் போதாது. அதனால் குணகங்களே வழி: ஜாவா நிரல்மொழியின் ஸ்ட்ரிக்ட்மாத் என்ற கணிதப் பகுதி இன்றும் சன் நிறுவனத்தின் அந்த நூலகத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் டொரன்டோவிலும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை வரவேண்டும் என்பதற்காக.