பிள்ளைகள் படிக்கட்டும், பேசட்டும்





நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் கூடியிருக்கிறோம். நம்மில் பலர் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். அத்தா 555 புத்தகத்தில் கடைக் கணக்கு எழுதியதையும், இருட்டோடு பெரட்டில் பெயர் கூப்பிட்டதையும் பார்த்தவர்கள். பெரட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் மாலையில் கடை வாசலில் ஒருவர் ‘தமிழ் நேச’னை உரக்கப் படிப்பார், கோப்பி ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும். நாம் அரசியல் கற்றது அங்கேதான்.

இன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது நாம் என்ன சொல்கிறோம்? “படிக்கிற வேலையைப் பார், அரசியல் பேசாதே.” அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு பிள்ளையின் இடம் பறிபோனால் ஒரு குடும்பத்தின் உழைப்பே போய்விடும்.

1960களில் மலாயா பல்கலைக்கழகத்தில் ‘சூடுட் பிடாத்தோ’ என்ற மாணவர் பேச்சு மேடை இருந்தது. 1971இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில், ரப்பர் விலை விழுந்து வாடிய பாலிங் சிறுதோட்டக்காரர்களுக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மாணவர் தலைவராயிருந்த அன்வார் இப்ராஹிம் விசாரணையின்றி இருபது மாதம் தடுப்புக்காவலில் இருந்தார். 1975இல் சட்டம் மேலும் இறுகியது. அந்த மாணவர்கள் பேசியது பால்மரத்தை நம்பியவர்களின் பசியைப் பற்றி. அந்தப் பசியை நம் தோட்டங்களும் அறியும்.

2010இல், நீலாய்க்குப் பக்கத்தில் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்கள், உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே சென்றதற்காக ஒழுங்கு விசாரணைக்கு உள்ளானார்கள். அவர்கள் படித்த பாடமே அரசியல் அறிவியல்! 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர்களைத் தடுத்த அந்தச் சட்ட விதி பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேர வழி பிறந்தது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் இருந்த தடையையும் நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் வாக்குரிமை.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம் மட்டும் இன்னும் பழைய எச்சரிக்கையையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாக்களிக்கப் போகும் பிள்ளை, வாதாடிப் பழகாமல் எதைக் கொண்டு தீர்மானிக்கும்?

உஹுதுப் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ள நினைத்தார்கள். இளைஞர்கள் பலர் வெளியே செல்ல வேண்டும் என்றார்கள். மஷூராவில் அந்தக் கருத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். அந்தப் போரில் பெரும் இழப்பு நேர்ந்தது. அதன் பிறகும், அவர்களை மன்னித்து அவர்களோடு கலந்தாலோசியுங்கள் என்றே ஆல இம்ரான் அத்தியாயத்தில் இறைக்கட்டளை வந்தது. இளையவர்களின் ஒரு முடிவு பிழைத்தது என்பதற்காக மஷூராவின் கதவு மூடப்படவில்லை.

எனவே நாம் ஒன்று செய்வோம். மாதம் ஒரு சனிக்கிழமை, இஷாவுக்குப் பிறகு, சங்க மண்டபத்தைக் கல்லூரி, பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். மாநில வரவு செலவுத் திட்டம், குறைந்தபட்சச் சம்பளம், தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வீட்டுப் பிரச்சினை என எதையும் எடுக்கட்டும். கட்சிக் கொடி வேண்டாம். எழுத்தில் உள்ளதைப் படித்துவிட்டுப் பேச வேண்டும். மறுப்பதற்கு முன், எதிராளி சொன்னதை அவரே ஒப்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். தேச நிந்தனைச் சட்டம் போன்றவை எங்கே எல்லை வகுக்கின்றன என்பதையும் படிக்கட்டும். தெரிந்து பேசுகிறவர் வீணாகச் சிக்கமாட்டார்.

பெரியவர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. பின் வரிசையில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், முழுவதையும் கேட்பது. அதுதான் நமக்குச் சிரமம். ஆனாலும் பழகுவோம், இன்ஷா அல்லாஹ்.