எதைப் பற்றி எழுதுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்கண்ணே" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த உபயோகமான விஷயம் ஒன்றுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறேன். இதில் காசு கிடையாது. கட்டுரைக்கு மேலே நம் பெயரையும் போடமாட்டார்கள். "பிறகு எதுக்கு இந்த வேலை?" என்று என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

இந்தக் கலைக்களஞ்சியம் 2003இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், தொழிலால் கட்டடக் கலைஞர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி நம் மாநிலக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியே வைத்தார்கள். அதே ஆண்டு நம்ம ஊர்க்காரர் தேனி எம். சுப்பிரமணி 'தமிழ் விக்கிப்பீடியா' என்றே ஒரு நூல் எழுதினார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

"லட்சம் கட்டுரை இருக்கே, நான் எழுத என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் மலைத்துப் போனேன். முதலில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 1895, பென்னிகுவிக் என்று தொடங்கிப் பார்த்தால், எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். அடுத்து 'விவசாயம்' என்று ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. பெரிய தலைப்பு பெரிய கிணறு மாதிரி. எட்டிப் பார்க்கலாம், நம்ம கயிறு எட்டாது.

அப்போதுதான் அல்லிநகரத்துக்காரனுக்கு அல்லிநகரத்துப் பக்கத்திலேயே ஒரு தலைப்பு கிடைத்தது. மதுரை - போடி ரயில். சின்ன வயதிலிருந்து அதன் சத்தம் கேட்டு வளர்ந்தவன். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று, ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். மீட்டர் கேஜ் ரயில் 2008இல் நின்றது என்றும் போட்டுவிட்டேன்.

மறுநாளே முகம் தெரியாத ஒருவர் பணிவாகக் கேட்டிருந்தார்: "ஆண்டு சரிதானா? ஆதாரம் தர முடியுமா?" எனக்குச் சுருக்கென்றது. எங்க ஊர் ரயிலைப் பற்றி எனக்கே சொல்ல வந்துட்டாரே! வீம்புக்காக நூலகத்தில் போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். ரயில் நின்றது 2010 டிசம்பர் 31. ஏறி இறங்கிய எனக்கே இரண்டு வருஷம் தப்பு. அவருக்கு நன்றி சொல்லித் திருத்தினேன். பிறகு அகல ரயில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தபோது, அந்தந்தத் தேதியைச் செய்தித்தாளைப் பார்த்தே சேர்த்தேன்.

அன்றிலிருந்து தலைப்பு எடுக்கும்போது என்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, இதைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்து வரி சொல்வேனா? இரண்டு, ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் அதில் என்ன குறை? மூன்று, நான் சொல்வதற்கு அச்சில் ஆதாரம் உண்டா? இந்த மூன்றும் தேறினால் எழுதுங்கள். உத்தமபாளையம் சமணர் சிற்பங்கள், சின்னமனூர் செப்பேடுகள், பதினெட்டாம் கால்வாய், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை என்று நம் பள்ளத்தாக்கில் விஷயத்துக்கா பஞ்சம்? கட்டுரை இருந்தாலும் திறந்து பாருங்கள். உங்கள் ஊர்க்காரர் சேர்க்க வேண்டிய ஒரு வரியாவது விட்டுப்போயிருக்கும்.

ஆனால் மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போடிக்கு 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950களில்தான் மறுபடி போட்டார்கள். இடைப்பட்ட காலத்தில், தண்டவாளம் இல்லாத அந்தத் தடத்தில் எங்கப்பா சிறுவனாக மாடு ஓட்டிப் போயிருக்கிறார். "ரயிலு வராத ரயில் ரோட்டுல நாங்கதாண்டா ரயிலு" என்பார். அதைக் கலைக்களஞ்சியத்தில் சேர்க்க முடியாது. சொந்த நினைவுக்கு அங்கே இடமில்லை, அந்த விதியும் நியாயமானதுதான். என் ஞாபகம் எவ்வளவு லட்சணம் என்றுதான் பார்த்தோமே! வேறு எங்காவது எழுதி வைத்திருக்கலாம். அதற்குள் அப்பா போய்விட்டார். கேட்க நினைத்த மிச்சக் கேள்விகளும் அவரோடு போய்விட்டன.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒரே ஒரு வேண்டுகோள். ஆதாரம் உள்ளதைக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுங்கள். ஆதாரம் இல்லாததை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, சொன்னவர் பெயரும் கேட்ட தேதியும் போட்டு, அடுத்த ஆண்டு மலருக்குக் கொடுங்கள். இன்று நான் அப்பாவின் மாட்டை இந்த மலருக்குள் ஓட்டி வந்துவிட்டேன். உங்கள் வீட்டுத் திண்ணையில் என்ன காத்திருக்கிறது என்று இன்று ராத்திரியே கேட்டுப் பாருங்கள்.