ஆகமன காலமும் சபை ஐக்கியமும்

(கூடுவாஞ்சேரியில் நம் சங்கத்தின் கார்த்திகை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆகமன காலத்தைக் குறித்து இன்று நாம் பேசவேண்டுமென்று பணித்த பெரியோர் மூவருள் ஒருவர் ஆண்டுதோறும் ஊருக்குச் சென்று முத்தாரம்மன் கொடைக்கு வரி செலுத்துபவர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் தென்னிந்தியத் திருச்சபையார். மூவரும் நெருங்கிய உறவினர். நாடார் சங்கமென்றால் இப்படித்தானே இருக்கும்! அண்ணன் மக்கள் கொடைக்கும், தம்பி மக்கள் அசனத்துக்கும் கிளாம்பாக்கத்தில் ஒரே பேருந்தேறிப் போவது நமக்குப் புதிதன்று. ஆதலின் கிறிஸ்தவரல்லாத நம்மவரும் இவ்வுரையைத் தமக்குரியதாகவே கேட்க வேண்டுகிறோம். பேசப்புகுவது வேதசாத்திர விசாரமன்று, வீட்டு விஷயம்.

நவம்பர் 30 அந்திரேயா அப்போஸ்தலரின் திருநாள். அதற்கு மிக அணித்தாக வரும் ஞாயிறு தொடங்கி, கிறிஸ்துமசுக்கு முன் உள்ள நான்கு ஞாயிறுகள் ஆகமன காலம் எனப்படும். கத்தோலிக்கர் இதனைத் திருவருகைக் காலம் என்பர். சீர்திருத்த சபையார் ஆகமன நாட்கள் என்பர். பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் இக்காலத்தைத் தனியே ஆசரிப்பதில்லை. பண்டைக்காலந்தொட்டு இது காத்திருத்தலுக்கும் மனந்திரும்புதலுக்கும் உரிய காலம். பீடத்தில் ஊதா நிறத் துணி விரிப்பதும் அதுபற்றியே. இக்காலத்தில் நட்சத்திர விளக்குகளும் கேக்குப் பெட்டிகளும் நவம்பர் பாதியிலேயே கடைகளுக்கு வந்துவிடுகின்றன. நம்மவர் கடைகளிலும் வருகின்றன. வியாபாரத்தைக் குறைசொல்ல நாம் வரவில்லை!

இந்நாட்களில் பல சபைகளில் வாசிக்கப்படும் பகுதிகளுள் யோவான் ஸ்நானகனுடைய பிரசங்கம் ஒன்று. வருகிறவருக்கு வழியைச் செவ்வைப்படுத்த வேண்டும், பள்ளம் நிரவவேண்டும், மேடு தாழவேண்டும் என்பது அதன் கருத்து. ஜி.எஸ்.டி. சாலையை அகலப்படுத்திய வேலையைக் கண்ணாற் கண்ட கூடுவாஞ்சேரியார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சாலை அகலவேண்டுமாயின் ஓரத்துச் சுவர்கள் விழவேண்டும். எவருடைய சுவர் என்பதே எப்பொழுதும் வழக்கு.

சபைகளுக்கிடையே நின்ற சுவர்களுள் சில நாமறியாமலே விழுந்திருக்கின்றன. இன்று கத்தோலிக்கக் கோயில்களில் ஆகமன வளையம் வைத்து வாரத்துக்கொரு மெழுகுதிரி ஏற்றுகிறார்களே, அதனை முதலிற் செய்தவர் ஒரு லுத்தரன் போதகர். ஜெர்மனியில் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய விக்கெர்ன் என்பவர், கிறிஸ்துமஸ் எப்பொழுது வருமென்று நாடோறும் கேட்ட சிறுவர்களுக்காக, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் மெழுகுதிரிகளை நாட்டி ஏற்றினார். அது பின்னர்க் கத்தோலிக்கரிடமும் பரவிற்று. இன்று ஏற்றுகிறவர் எவரும் அது எந்தச் சபையின் பொருளென்று கேட்பதில்லை.

சொல்லின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் கத்தோலிக்கர் ‘சர்வேசுரன்’ என்றனர், ‘சேசுநாதர்’ என்றனர். சீர்திருத்த சபையார் முன்பு ‘பராபரன்’ என்று வழங்கிப் பின்னர் ‘தேவன்’ என்றும் ‘இயேசு’ என்றும் வழங்கினர். வாயைத் திறந்தவுடனே இன்ன சபையான் என்று தெரிந்துவிடும். 1995-இல் இருதரத்தாரும் சேர்ந்து மொழிபெயர்த்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. அதில் ‘கடவுள்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் எல்லாருக்கும் உரிய சொற்கள் ஆளப்பட்டன. சீர்திருத்த சபைகளிற் பெரும்பாலோர் இன்னும் பழைய மொழிபெயர்ப்பையே கையில் வைத்திருக்கின்றனர். பாட்டியார் வாசித்த வசனம் நாவிலே பழகிவிட்டது. அதனாற் குற்றமில்லை.

இனி, இவ்வைக்கியத்தின் பெரிய சரித்திரத்துக்கு வருவோம். அதன் நடுவில் நிற்பவர் நம் குலத்திற் பிறந்த ஒருவர். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல், ஒரு நாடார் குருவானவருடைய மகனாகப் பிறந்தவர் வே. சா. அசரியா. 1903-இல் திருநெல்வேலியார் தம் பொருளையும் தம் ஆட்களையுங்கொண்டே நடத்தும் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். பின்பு தாமே தெலுங்கு கற்று, நிஜாம் இராச்சியத்திலிருந்த தோர்ணக்கலுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. நம் சங்கக் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லும்பொழுதெல்லாம் கைதட்டுகிறோம். தட்டுதற்கு உரியவரே.

ஆனால் அவர் தோர்ணக்கலில் யாரிடத்துச் சென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவருடைய சபையிற் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும். தீண்டாமைக் கொடுமையில் நசுங்கிக் கிடந்தவர்கள். அவ்விரு வகுப்பாருக்குள்ளும் ஒருவர் மேல் ஒருவர் கீழ் என்ற வேற்றுமை இருந்தது. இவர்களுக்கு நடுவே குடியிருந்து, இவர்களோடு உண்டு, இவர்களை ஒரே பந்தியில் இருத்தப் பாடுபட்டவருக்கு ஒன்று விளங்கிற்று. சாதியை விடுங்கள் என்று ஏழையிடம் சொல்லுகிற நாம், ஆங்கிலிக்கன், மெதடிஸ்து, பிரஸ்பிற்றேரியன் என்று மேல்நாட்டார் சண்டையிற் பிறந்த பிரிவுகளை விடாமற் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வாறு? சபை ஐக்கியத்தின் தேவை அவருக்கு நூல்களில் மாத்திரம் விளங்கவில்லை; அந்தப் பந்தியிலும் விளங்கிற்று என்பது நம் கருத்து.

1919 மே மாதம் முதல் இரண்டு தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் தவிர மற்றையோர் அனைவரும் இந்தியர். அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வே. சந்தியாகுவும் முன்னின்றனர். நாம் உண்டாக்காத பிரிவினைகள் நம்மேல் சுமத்தப்பட்டிருக்கின்றன, அவற்றை நீக்க வேண்டும் என்ற கருத்தில் ஓர் அறிக்கை விடுத்தனர். அதன்பின் நடந்த பேச்சு 28 ஆண்டு நீடித்தது. பேராயர் வேண்டுமா வேண்டாமா, ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்க்கு மறுபடியும் பட்டம் கொடுக்க வேண்டுமா என்பவையே தடைகள். முடிவில், எந்தச் சபையாருக்கும் அவர் பழகாத ஆராதனை முறையையோ அவர் மனம் ஒப்பாத ஊழியத்தையோ வலிந்து புகுத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்து இணைந்தனர். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை அர்ச். ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. தேசம் விடுதலை பெற்று ஆறு வாரமே ஆகியிருந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியிலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

எல்லாரும் சேர்ந்தனரோவெனில், இல்லை. தரங்கம்பாடி 1706 முதல் லுத்தரன் சபையின் தாய்வீடு. அத்தாய்வீட்டில் தொடங்கிய ஐக்கியத்தில் லுத்தரன் சபையார் சேரவில்லை! நந்தியாலத்து ஆங்கிலிக்கன் சபையார் 1975 வரை விலகி நின்றனர். ஆயினும் 1969-இல் மதுரை அரசரடியில் லுத்தரன் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் ஒரே இறையியல் கல்லூரியிற் குருமாணவரைப் பயிற்றத் தொடங்கினர். கத்தோலிக்கரும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-இல், பிரிந்த சபையாரைச் சகோதரரென அழைத்து ஐக்கியத்தைக் குறித்துத் தனி ஏடு வெளியிட்டனர்.

நம் ஜில்லாவுக்கும் இதில் பங்குண்டு. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களில் உழைத்தவர் ஸ்காத்லாந்து சபையார். பேராயர் என்ற பதவியே இல்லாத சபை அது. அச்சபையின் போதகராய்க் காஞ்சிபுரத்திற் பணிபுரிந்த லெஸ்லி நியூபிகின், 1947-இல் மதுரை–இராமநாதபுரத்தின் பேராயராக அபிஷேகம் பெற இசைந்தார். தம் முன்னோர் மறுத்த பதவியை ஐக்கியத்தின் பொருட்டு ஏற்றார். அதைப்போலவே ஆங்கிலிக்கர் பலரும் தாம் அரிதென்று பிடித்திருந்ததைச் சற்றே நெகிழ்த்தினர். இருபுறமும் இழப்பில்லாமல் ஐக்கியமில்லை.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. பொறுத்தருள்க.

சுவர் என்றால் என்னவென்று நாடாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுள் நுழைந்ததற்காக நம்மவர் மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1908-இல் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றோம். அது கோயில் வாசல். கிறிஸ்தவம் புகுந்தவர்க்குச் சுவரில்லையென்று நினைத்தனர். வடக்கன்குளத்தில் என்ன நடந்தது? 1872-இல் எழுந்த அவ்வாலயம் ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாகக் கட்டப்பட்டிருந்தது. ஒரு கிளையில் வேளாளர் முதலியோர். மறு கிளையில் நாடார் முதலியோர். நடுவே சுவர். ஒரே பூசையைக் காணலாம், ஒருவரையொருவர் காணலாகாது. 1910-ஐ ஒட்டி அச்சுவர் இடிக்கப்பட்டது. அதனைத் திரும்ப எழுப்பவேண்டுமென்று நீதிமன்றம் ஏறியோர் தோற்றனர். இச்செய்திகளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம், நன்று. நம்மைத் தாழ்த்தியெழுதிய ஒரு மிஷனரியின் நூலைக் கண்டு மனம் நொந்த சட்டாம்பிள்ளை என்பவர் 1857-இல் நாசரேத்துப் பகுதியில் தனிச்சபையே கண்டார். அவமதிப்பு எவ்வளவு தூரம் ஒரு மனிதரைச் சபையினின்றும் பிரிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படிப்பட்ட நாம் இந்தக் கூடுவாஞ்சேரியில் என்ன செய்கிறோம்? தென் ஜில்லாக்களிலிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து, மின்சார ரயிலை நம்பி வீடு கட்டி, சபைகளை நிரப்பினோம். காணிக்கை பெருகிற்று, ஆலயங்கள் மாடியோடு எழுந்தன. ஆனால் நாம் வருமுன்பே இந்நாட்டுப்புறத்திற் கூரைக் கோயிலில் விளக்கேற்றிச் சபையைக் காத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆதிதிராவிடச் சகோதரர்கள். 1891-இல் இவ்வூர்களில் அவர்கள் பட்ட நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹியர் அரசாங்கத்துக்கு எழுதினார்; அதன் பயனாக அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு பிறந்தது. அத்தகைய வறுமையிலும் சபை நடத்தினர். இன்று நாம் பெருந்தொகையாய் வந்தமையால், பல இடங்களில் கமிட்டியில் அவர்கள் பெயர் அருகிவிட்டது. எவரும் வெளியே போகச் சொல்லவில்லை. வடக்கன்குளத்துச் சுவரைப்போலக் கல்லும் சுண்ணாம்பும் இல்லை. சுவர் மட்டும் இருக்கிறது.

அச்சுவர் எங்கே எழுகிறதென்றும் சொல்லிவிடுவோம். சபைத் தேர்தல் வருகிறது, அணிகள் பிறக்கின்றன. அணிக்குச் சாதிப் பெயர் மேடையிற் சொல்லப்படாது. வீட்டுத் திண்ணையிற் சொல்லப்படும். பிறகு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் தொலைபேசி எண்களையும் கேட்டு ஆள் வரும். ‘நம்மாள்’ என்ற ஒரு சொல்லே போதும். ஆகமனத்தின் முதல் ஞாயிறு மெழுகுதிரி ஏற்றி, இரண்டாம் ஞாயிறு வாக்குக் கேட்டு, மூன்றாம் ஞாயிறு வக்கீலைத் தேடுகின்ற சபைகளும் உண்டு.

‘சங்கம் வேறு, சபை வேறு; சங்கம் நம் குலத்துக்காகத்தானே?’ என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. நம் முன்னோர் மகமை பிரித்துப் பேட்டையும் பள்ளியும் கண்டது நம் பிள்ளைகளைக் கரையேற்றத்தான். ஆனால் அம்மகமைப் பணத்தில் 1889-இல் விருதுநகரில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் நம் பிள்ளைகள் மட்டுமா படித்தனர்? எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருந்தது. உறவின்முறை என்பது உள்ளே தாழிடுவதற்கு ஏற்பட்டதன்று. கலியாணத்துக்கும் துக்கத்துக்கும், படிப்புக்கும் கடனுக்கும் சங்கம் இருக்கட்டும். சபைக் கமிட்டியில் யார் அமர்வது என்பது சங்கத்தின் வேலையன்று.

ஆகையால் இன்றைய கூட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம்.

சங்கத்தின் பட்டியலையும் எண்களையும், எந்தச் சபையின் எந்த அணிக்கும், அந்த அணியில் நம் சொந்தச் சகோதரரே நின்றாலும், கொடுப்பதில்லையென்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சங்கத்து வாட்ஸாப் குழுவில் தேர்தல் துண்டறிக்கை போடுவதும் இதில் அடங்கும். இது சிலருக்கு வருத்தந் தரும். தேர்தலில் நிற்கப் போகிறவர் இருவர் இக்கூட்டத்திலேயே இருக்கின்றனர் என்பதை அறிந்தே சொல்லுகிறோம்.

மற்றொன்று, ‘கேரல் ரவுண்ட்ஸ்’ என்று நாம் வழங்கும் பாட்டுப் பவனியைப் பற்றியது. சென்ற ஆண்டுகளில் நம் சங்கத்துக் குழு நம் உறுப்பினர் வீடுகளுக்கு மட்டுமே சென்றது. கத்தோலிக்கர் வீட்டிலும், தென்னிந்தியத் திருச்சபையார் வீட்டிலும், பெந்தெகொஸ்தேயார் வீட்டிலும் பாடியது. இந்து உறவினர் வீட்டிலும் அச்சுமுறுக்கு உண்டது. அவ்வளவில் அது அழகிய ஐக்கியமே. 1919-இல் தரங்கம்பாடியிற் கூடியவர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பர். ஆனால் இடையிலுள்ள தெருக்களை வண்டியில் கடந்து போனோம். ஆதிதிராவிடச் சகோதரர் வாழும் தெருவிலும் நட்சத்திர விளக்குத் தொங்கியதை எல்லாரும் பார்த்தோம். இவ்வாண்டு அத்தெருக்களிலும் இறங்கவேண்டும். அவர்களுடைய பாட்டுக் குழுவையும் நம்மோடு அழைத்துக்கொண்டு நம் வீடுகளுக்கு வரவேண்டும். அவர்கள் தருவதை உண்ணவேண்டும். நாம் தருவதை அவர்கள் நடுவீட்டில் அமர்ந்து உண்ணவேண்டும். வாசலில் நிறுத்திக் காணிக்கை உறை கொடுத்தனுப்புவது ஆகாது.

ஆகமனத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு; பல ஆலயங்களில் ஊதாவுக்கு நடுவே ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றுவது அன்றுதான். அன்று மாலை 6 மணிக்கு ரயில் நிலையத்தருகே குழு கூடும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்ற வரிசையை அந்தந்தத் தெருப் பெரியோரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். நாமாக எழுதிக் கொடுத்தல் முறையன்று. அதற்கு நால்வர் தேவை. டோலக் அடிக்கத் தெரிந்தவர்களும், தாய்மார்களுள் பழைய கீர்த்தனைகளை மனப்பாடமாய் அறிந்தவர்களும் தம் பெயரை இன்றே காரியதரிசியவர்களிடம் கொடுத்துச் செல்லக் கேட்டுக்கொள்கிறோம்.