அறுத்த வலைக்கு யார் பணம் கொடுப்பது?

நடன ஒப்பனை கலையாமல் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்திருக்கும் பெற்றோர்களே, அடுத்து கலைநிகழ்ச்சி என்பது தெரியும், சுருக்கமாக முடிக்கிறேன்.

இங்கே பெரும்பாலோர் நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்கள். ஆகவே நிறுவனப் பணத்தைப் பற்றியே பேசுகிறேன். நம் சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போயிருப்பீர்கள். 1993-இல் திறந்த அந்தப் பூங்காவுக்கு 1997-இல் ஹாங்காங் வங்கி ஒரு கல்வி நிதி அமைத்துக் கொடுத்தது. இடத்தைக் காப்பதோடு, அதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும் செலவாகும் என்று அன்றைக்கே யாருக்கோ உறைத்திருக்கிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2014 ஏப்ரல் முதல், ஓரளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதில் அடக்கம். ஆனால் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறதே! கணக்கை முடிக்கிற அவசரத்தில் மாசி, பங்குனியில் மரக்கன்று நட்டால் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று நம் தாத்தாக்களைக் கேட்டிருக்கலாம். பல ஆண்டுத் திட்டம் என்று அறிவித்துவிட்டால், மிச்சப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவிடச் சட்டமே இடம் தருகிறது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நிறுவனம் சரியாகக் கைகொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, குஜராத்தின் வேராவல் கரையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே திமிங்கலச் சுறாவைக் கொக்கி போட்டு வேட்டையாடினார்கள். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, இறைச்சி ஏற்றுமதிக்கு. 2001-இல் அதைச் சட்டம் பாதுகாத்தது. ஆனாலும் வலையில் தானாக வந்து மாட்டினால் மீனவர் என்ன செய்வார்? 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். காற்றடைத்த பெரிய சுறாப் பொம்மை, தெருநாடகம். ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்றார். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மனம் மாறினாலும் வலை போனது போனதுதானே? சுறாவை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். அதற்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க முடியாது என்பதால், மீனவர் கையிலேயே கேமரா கொடுத்து, விடுவிப்பதைப் படம் எடுத்துக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் இப்படிக் கடலுக்குத் திரும்பின. பிரசாரத்தைவிட அந்தக் கேமராதான் பெரிய யோசனை என்பேன்.

இனி நம் தமிழ்நாட்டுக் கடல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மணமேல்குடிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இங்கே நிறையப் பேர். அந்தக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது; இந்தியாவில் அதுவே முதல். கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேய்ந்து வாழும். சில ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி ஈனும். வலையில் சிக்கியதை உயிரோடு விடுகிற மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. அதே கரையில் வெளிவயல் என்ற ஊரில் ஓம்கார் அறக்கட்டளை நடத்தும் சுற்றுச்சூழல் கல்வி மையம் இருக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, கடற்புல்லை மறுபடி நட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிருந்து நேரே பணம் அனுப்பலாமே என்பீர்கள். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பல வேளைகளில் குறுக்கே நிற்கும். ஆனால் உங்கள் நிறுவனத்துக்குச் சென்னையிலோ பெங்களூருவிலோ கிளை இருந்தால், அந்த 2 சதவீதம் அங்கேயே இருக்கிறது. அதை வாங்கிச் செலவிடும் அமைப்பு, இந்தச் சமூகப் பணிக்கான சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், திட்ட அறிக்கை எழுத வேண்டும், தணிக்கை காட்ட வேண்டும். விடிகாலையில் கடலுக்குப் போகிறவருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? நமக்கோ அன்றாட வேலையே அதுதான்.

கரையோர அமைப்புகளுக்கு அறிக்கை எழுதித் தரவும், தங்கள் நிறுவனத்தின் இந்தியக் கிளையில் யாரிடம் பேசலாம் என்று விசாரிக்கவும் முன்வருகிறவர்கள், வாசலில் நம் சங்கச் செயலாளர் வைத்திருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். கணக்குத் தணிக்கை தெரிந்தவர்கள் பக்கத்தில் அதையும் குறித்துவிடுங்கள்.