ஒரே முகம், இரு பெயர்கள்



"இவர்களுள் பெரியவன் யார், சின்னவன் யார்?"

சிறுவயதில் நான் மிகுதியாகக் கேட்ட வினா இதுவேயாகும். நானும் என் தம்பியும் உருவொத்த இரட்டையர். கால்மணி நேரம் முன்னதாகப் பிறந்தமையால் "அண்ணை" என்று அழைக்கப்பெறும் உரிமை எனக்குக் கிடைத்தது. கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீர் என் தலையில் விழுவதும் அந்தக் கால்மணி நேரத்தின் பயனேயாகும்.

எங்கள் ஊர் உடுவில். 1824ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தோன்றிய ஊர் இது. செம்மண் தோட்டங்களும், ஆழ்ந்த கிணறுகளும், பனையோலை வேலிகளும் சூழ்ந்த ஒழுங்கைகளிலே நாங்கள் இருவரும் கைகோத்துத் திரிந்தோம். அம்மா என் இடுப்பிற் கறுப்புக் கயிறும் தம்பியின் இடுப்பிற் சிவப்புக் கயிறும் கட்டியிருந்தார். சட்டைக்குள் மறைந்த அக்கயிறுகளை அயலார் எங்ஙனம் காண்பர்? ஆதலால், எங்களைக் கண்டோர் எல்லாரும் இருவரையும் "தம்பி" என்ற ஒரே சொல்லால் அழைத்து அமைந்தனர். ஒருவன் மாங்காய் பறித்தால் இருவருக்கும் ஏச்சு விழுந்தது. சுன்னாகம் சந்தையில் ஐயா வாங்கி வரும் துணியும் ஒன்று, அதில் தைத்த சட்டைகளும் ஒன்று.

இரட்டையர் இருவகைப்படுவர். இரு கருமுட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறப்போர் ஒரு வகையினர். இவர்கள் ஏனைய உடன்பிறந்தாரைப் போன்றவரே. கருவுற்ற ஒரே முட்டை தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிவதால் உண்டாவோர் மற்றொரு வகையினர். ஆயிரம் மகப்பேறுகளில் ஏறத்தாழ நான்கு இவ்வகையினதென மருத்துவ நூலார் கணக்கிட்டுள்ளனர். இத்தகையோருக்கு மரபுக்கூறுகள் ஏறக்குறைய முற்றும் ஒன்றே. எனினும் இவர்களுடைய விரல்ரேகைகள் ஒத்திருப்பதில்லை. தாயின் வயிற்றில் மூன்றாம் மாதமளவில் அந்த ரேகைகள் உருப்பெறத் தொடங்கும்போதே, ஒரே கருவறைக்குள் வெவ்வேறு இடங்களிற் கிடக்கும் இரு சிசுக்களும் வெவ்வேறு அடையாளங்களைப் பெற்றுவிடுகின்றன. பிறப்பதற்கு முன்னரே இயற்கை இருவரையும் இருவராகவே கொண்டுவிட்டது. நாம்தான் பிறந்த பின்னும் அவர்களை ஒருவராக எண்ணுகின்றோம்.

இவ்வெண்ணம் எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதை என் அனுபவத்தால் அறிந்தேன். நாங்கள் ஏழாம் வகுப்பிற் படித்த காலம். பூமிசாத்திர பாடத்துக்கு இலங்கைப் படம் வரைந்து வருமாறு ஆசிரியர் பணித்தார். தம்பிக்குச் சித்திரக் கை உண்டு. மகாவலியின் ஒவ்வொரு வளைவையும், மட்டக்களப்பு வாவியின் நீட்சியையும் மூன்று இரவுகள் விளக்கடியில் இருந்து அவன் தீட்டினான். மறுநாள் ஆசிரியர் அப்படத்தை உயர்த்திக் காட்டி, என்னை எழுப்பி, என் முதுகில் தட்டிப் பாராட்டினார். வகுப்பு முழுவதும் கைகொட்டியது. "ஐயா, இது தம்பி வரைந்தது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவனும் ஒன்றும் பேசாது, தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீடு திரும்பும் வழியில் முதன்முறையாக நாங்கள் கைகோத்து நடக்கவில்லை.

இரட்டையர் ஒருவரையொருவர் விழுங்காது வளர்தல் இயலுமா? இயலும் என்பதற்கு நம் அயல்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1887ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் கர்நூலிற் பிறந்த இரட்டையர் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் இலட்சுமணசாமி முதலியாரும் ஆவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற இவர்கள், அதன்பின் வெவ்வேறு வழிகளிற் சென்றனர். மூத்தவர் சட்டம் பயின்று அரசியலிற் புகுந்து, 1946இல் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக சபையின் முதல் தலைவரானார். இளையவர் மகப்பேற்று மருத்துவத்திற் புகழீட்டி, 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். 1952இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்வி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. மாணாக்கர் எல்லாரையும் ஒரே பாதையில் நடத்தாது, அவரவர் ஆற்றலுக்கேற்பப் பலவகைப் பாடநெறிகளை அமைக்க வேண்டும் என அவ்வாணைக்குழு விதந்துரைத்தது. முகத்தால் ஒத்த இவ்விருவரும் தொழிலால் வேறுபட்டனர். அதனால் இருவருமே உயர்ந்தனர்.

ஒரு பாடசாலையின் அதிபராக இருக்கும் என்னிடம், முதலாம் தரத்துக்கு இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், "ஐயா, இவர்களை ஒரே வகுப்பில் விடலாமா, பிரித்து விடவேண்டுமா?" என்று வினவுவர். இதற்குப் பொது விதி ஒன்றில்லை. ஒருவரை விட்டு ஒருவர் இருக்க அஞ்சும் பிள்ளைகளை முதல் நாளே பிரிப்பது கொடுமை. ஒருவன் பேச மற்றவன் என்றும் மௌனியாக இருக்கும் நிலையில், சேர்த்து வைப்பதும் கொடுமையே. ஆகவே முதலிற் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆண்டுதோறும் மீண்டும் கேளுங்கள் என்பேன். ஆசிரியர்களுக்கு நான் கூறுவது வேறொன்று: "இரட்டையர்" என்று அழையாதீர்கள், பெயர் சொல்லி அழையுங்கள். ஒருவனுடைய புள்ளியை மற்றவனுக்கு அளவுகோலாக்காதீர்கள்.

போர்க்காலத்திற் கனடா சென்ற தம்பி, சென்ற ஆண்டு ஊர் வந்திருந்தான். முகத்தைக் கண்டு திறக்கும் என் கைத்தொலைபேசியை அவன் விளையாட்டாக எடுத்துப் பார்த்தான், அது திறந்துகொண்டது. பெருவிரலை வைத்தபோதோ திறக்க மறுத்தது. கண்பார்வை மங்கிய எங்கள் அம்மா, முற்றத்திற் கேட்ட காலடியோசையைக் கொண்டே, "சின்னவன் வாறான்" என்றார்.

அன்றிரவு கிணற்றுக்கட்டில் இருக்கையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சிற் கிடந்த அந்தப் படத்தின் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான்.

"அண்ணை, அதற்குப் பின்தான் வரைகிற படத்தின் மூலையில் என் பெயரை எழுதப் பழகினேன்" என்றான்.

அவன் இன்று கட்டடப் படவரைஞன். அவன் வரையும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் அவன் பெயர் இருக்கின்றது. அவன் தன் பெயரைத் தானே எழுதிக் காத்துக்கொண்டான். அவ்வாறு எழுதத் தெரியாத பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கின்றார்கள். அவர்களுடைய பெயரை நாம்தான் நினைவில் வைத்தல் வேண்டும்.